ஆறு மாசம் கெகல் பயிற்சிய தப்பா பண்ணிட்டு இருந்தேன்

எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல. சாயங்காலம் பஸ்ஸ விட்டு இறங்கி தெரு முனை வரைக்கும் நடந்து வர்றப்ப ஒன்னுமே தெரியாது. வீட்டு கேட்டு கண்ணுல பட்டதும் தான் அடிவயித்துல ஒரு இழுப்பு வரும், பைக்குள்ள கைய விட்டு சாவிய தேடி பூட்டுல போட்டு திருப்புறதுக்குள்ள யூரின் வந்துடும். சொட்டு இல்ல, உள்பாவாடை நனையுற அளவுக்கு. செருப்ப கூட கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவேன். இது ரெண்டு வருஷம் நடந்துச்சு. வீட்டுக்காரருக்கு தெரியாது, பொண்ணுக்கு தெரியாது, எங்கம்மா கிட்ட கூட சொல்லல.

நான் தவளக்குப்பம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல எட்டாவது ஒன்பதாவதுக்கு கணக்கு எடுக்குறேன். வயசு 43. சாக்பீஸ் தூசிக்கு தும்மல் வரும், தும்மல் வர்ற மாதிரி இருந்தாலே போர்டு பக்கம் திரும்பி நின்னு கால ரெண்டையும் பின்னிக்குவேன். வெளிர் கலர் புடவை எல்லாம் பீரோவுல மேல் தட்டுக்கு போயிடுச்சு, நேவி ப்ளூ, அரக்கு, கருப்பு இது மூணு தான் ஸ்கூலுக்கு. பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் பேட். தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டேன், காலைல காபி, அப்புறம் மதியம் சாப்பாட்டோட ரெண்டு மடக்கு, ஸ்கூல் விடுற வரைக்கும் அவ்ளோ தான். இது எவ்ளோ பெரிய தப்புன்னு பின்னாடி தான் தெரிஞ்சது. தண்ணி கம்மியா குடிச்சா யூரின் அடர்த்தியாகி மூத்திரப்பைய இன்னும் உறுத்தும், உறுத்துனா இன்னும் அவசரமா வரும்.

எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டா எனக்கு 'தானே' புயல் தான் ஞாபகத்துக்கு வருது. மூத்தவ 2007-ல பிறந்தா, மூணே முக்கால் கிலோ, கடைசில ஆயுதம் போட்டு தான் எடுத்தாங்க, கீழ தையல் நிறைய. அப்பவே இருமுனா லேசா வரும், ஆனா ஒரு ஆறு மாசத்துல அது தானா சரியாயிடுச்சு. ரெண்டாவது பையன் 2011 டிசம்பர்ல. நார்மல் டெலிவரி. அவன் பிறந்து பதினெட்டாவது நாள், டிசம்பர் 30 விடியக்காலைல 'தானே' புயல் அடிச்சுது. கடலூர்ல அன்னைக்கு இருந்தவங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேணாம். மரம், கரண்ட் கம்பம், கூரை, எதுவும் நிக்கல. எங்க தெருவுல பல நாள் கரண்ட் இல்ல, மோட்டார் ஓடாது, மாடி டேங்க் காலி. அடுத்த தெரு அடிபம்புல தான் தண்ணி. அப்பாவுக்கு அப்ப தான் கை உடைஞ்சு கட்டு போட்டிருந்தாங்க, வீட்டுக்காரர் வேலை செஞ்ச ஊர்ல மாட்டிக்கிட்டார், அம்மா ஒரு ஆளா எவ்ளோ தூக்குவாங்க? பச்ச உடம்புக்காரி நீ தூக்காதடின்னு அம்மா சொல்லிக்கிட்டே தான் இருந்தாங்க, ஆனா கைக்குழந்தை துணி மட்டுமே ஒரு நாளைக்கு எவ்ளோ வரும்னு குழந்தை பெத்தவங்களுக்கு தெரியும். நானும் குடத்த இடுப்புல வச்சு தூக்குனேன், ஒரு நாளைக்கு ஆறு ஏழு நடை. அடியில ஏதோ கனமா தொங்குற மாதிரி அப்பவே இருந்துச்சு. யார் கிட்ட சொல்றது, ஊரே கூரை இல்லாம இருக்கு.

அதுக்கப்புறம் பத்து வருஷம் அப்படியும் இப்படியுமா போச்சு. நாப்பது தாண்டுனதும் தான் அதிகமாச்சு. இங்க கடலூர்லயே ஒரு டாக்டர் கிட்ட போனேன், பேர் வேணாம். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, ரெண்டு குழந்தை இருக்குல்ல, கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லையே இல்லன்னுட்டாங்க. உள்ள எந்த டெஸ்ட்டும் பண்ணல, யூரின் டெஸ்ட் கூட எழுதி தரல. கர்ப்பப்பைக்கும் யூரின் வர்றதுக்கும் என்னங்க சம்பந்தம்னு கேக்க எனக்கு அன்னைக்கு வாய் வரல. வெளிய வந்து பார்மசி பெஞ்சுல உக்காந்து அழுதேன். இத படிக்கிற யாருக்காவது இதே காரணத்துக்கு கர்ப்பப்பைய எடுக்கலாம்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு இன்னொரு டாக்டர பாருங்க. கர்ப்பப்பைல கட்டியோ வேற நோயோ இருந்தா அது வேற விஷயம். ஆனா இருமுனா தும்முனா யூரின் வர்றதுக்கு அத எடுக்குறது வைத்தியம் இல்ல.

அன்னைக்கு ராத்திரி போன்ல தேடுனப்ப தான் கெகல் பயிற்சி வீடியோ கிடைச்சுது. யூரின் அடக்குற மாதிரி இறுக்குங்க, விடுங்க, இறுக்குங்க, விடுங்க, எங்க வேணா எப்ப வேணா பண்ணலாம், யாருக்கும் தெரியாது. எனக்கு தெய்வமே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. காலைல திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட்ல ஏறுனா ஆல்பேட்டை, பெண்ணையாத்து பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம்னு தவளக்குப்பம் வர்ற வரைக்கும் பல்ல கடிச்சுக்கிட்டு இறுக்கிக்கிட்டே வருவேன். ஒரு நாளைக்கு 200 எண்ணுவேன். கணக்கு டீச்சர், எண்ணுறதுல குறை வைக்கல. ஆறு மாசம்.

குறையல. அதிகமாச்சு. முன்னாடி இருமுனாலோ வீட்டு கேட்ட பாத்தாலோ தான் வரும், இப்ப சும்மா இருக்கும்போதே அவசரம் வருது. வால் எலும்பு கிட்ட ஒரு வலி, ரொம்ப நேரம் உக்காந்தா எரியுற மாதிரி. மோஷன் சரியா போகல. வீட்டுக்காரரோட இருக்கிறதும் வலியாச்சு, அதையும் ஏதோ சாக்கு சொல்லி தள்ளிக்கிட்டே வந்தேன். எனக்கு என்ன தோணுச்சுன்னா நான் இன்னும் சரியா முயற்சி பண்ணல, 200 பத்தாது, 300 பண்ணணும்.

எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர், என்ன விட பத்து வயசு சின்னவ, அவளுக்கு பிரசவத்துக்கு அப்புறம் இடுப்பு வலின்னு பாண்டில ஒரு பிசியோ கிட்ட போயிட்டு இருந்தா. ஒரு நாள் இன்டர்வெல்ல என் புடவை பின்னாடி ஈரத்த பாத்துட்டு ஒன்னும் கேக்கல, அவ துப்பட்டாவ எடுத்து என் தோள்ல போட்டு பின்னாடி மறைச்சு விட்டா. அப்புறம் தனியா கூப்ட்டு, அக்கா இதுக்கும் பிசியோ இருக்கு தெரியுமான்னா. எனக்கு தெரியாது. பிசியோன்னா முட்டி வலிக்கு, கழுத்துக்கு, பக்கவாதம் வந்தவங்களுக்குன்னு தான் நினைச்சுட்டு இருந்தேன்.

போனேன். பாண்டில ஒரு சின்ன கிளினிக், மாடில. பிசியோ மேடத்துக்கு முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும். நான் டீச்சர்னு சொன்னதும் அன்னைல இருந்து என்ன டீச்சர்னு தான் கூப்பிடுவாங்க. முதல் நாள் முக்கால் மணி நேரம் கேள்வி மட்டும் தான். எத்தன டெலிவரி, எத்தன கிலோ, ஆயுதம் போட்டாங்களா, தையல் எவ்ளோ, மோஷன் தினம் போகுதா, முக்கணுமா, ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க, வறட்டு இருமல் இருக்கா, சுகர் இருக்கா, தாம்பத்தியத்துல வலி இருக்கா. இந்த கடைசி கேள்விய அவங்க கேட்ட விதம், சாப்பிட்டாச்சான்னு கேக்குற மாதிரி அவ்ளோ சாதாரணமா கேட்டாங்க, அதனால தான் எனக்கு உண்மைய சொல்ல முடிஞ்சுது. யூரின் டெஸ்ட்டும் சுகர் டெஸ்ட்டும் எடுத்துட்டு வர சொன்னாங்க, இன்ஃபெக்ஷன் இருந்தாலும் சுகர் ஏறுனாலும் இதே மாதிரி அடிக்கடி வரும், அத பாக்காம பயிற்சி ஆரம்பிக்க கூடாதாம். யூரின்ல ரத்தம் போறது, காய்ச்சலோட இடுப்பு வலி, யூரின் வரவே வராம அடைச்சுக்கிறது, கீழ உக்கார்ற இடம் மரத்து போறது, இதெல்லாம் இருந்தா பிசியோ கிட்ட வராம நேரா டாக்டர் கிட்ட போகணும்னும் சொன்னாங்க. எனக்கு அதெல்லாம் இல்ல, ரெண்டு டெஸ்ட்டும் நார்மல்.

அப்புறம் அவங்க ஒரு துணிய எடுத்து ரெண்டு கையாலயும் விரிச்சு பிடிச்சாங்க. டீச்சர், தூளி கட்டியிருக்கீங்கல்ல? அதே தான் இது. முன்னாடி அந்தரங்க எலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தசைகளால கட்டுன ஒரு தூளி. அதுக்கு மேல தான் மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் உக்காந்திருக்கு. மூணோட வழியும் அந்த தூளி வழியா தான் வெளிய வருது. பிரசவத்துல இந்த தூளி தான் அவ்ளோ தூரம் விரிஞ்சு குடுக்குது. ஆயுதம் போட்டா, குழந்தை பெருசா இருந்தா கிழியவும் செய்யும், கட்டியிருக்கிற இடத்துல இருந்து பிரியவும் செய்யும்.

இருமுனா ஏன் யூரின் வருதுன்னு அவங்க சொன்னத நான் இப்ப எல்லார் கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். செடிக்கு தண்ணி ஊத்துற டியூப்ப சிமெண்ட் தரைல வச்சு மிதிச்சா தண்ணி நின்னுடும். அதே டியூப்ப சேத்துல வச்சு மிதிச்சா? டியூப் சேத்துக்குள்ள அமுங்கும், தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். இருமல் வந்தா வயித்துக்குள்ள இருந்து அழுத்தம் கீழ வருது, அது தான் மிதி. கீழ இருக்கிற தூளி விறைப்பா இருந்தா யூரின் குழாய் அது மேல அமுங்கி மூடிக்கும். தூளி தொளதொளன்னு இருந்தா மூடாது.

அப்ப நான் இறுக்குனது சரி தானேன்னு கேட்டேன். பாத்துட்டு சொல்றேன்னாங்க.

இந்த பரிசோதனைய பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுக்கு பயந்து தான் பல பேர் போக மாட்டாங்க. முதல்ல எலும்பு மாதிரி ஒரு மாடல காட்டி என்ன பண்ண போறோம்னு சொன்னாங்க. கிளவுஸ் போட்டு ஒரு விரல் மட்டும், கருவி எதுவும் இல்ல. வேணாம்னா வேணாம், பாதில நிறுத்த சொன்னாலும் நிறுத்திடுவேன், வேற வழிலயும் பாக்கலாம், வயித்து மேல ஸ்கேன் வச்சு கூட தசை அசையுறத பாக்க முடியும்னாங்க. கதவு பூட்டி, திரை போட்டு, இடுப்புக்கு கீழ பெட்ஷீட் போத்தி. ரெண்டு பிரசவத்துலயும் என்ன யாரும் இப்படி கேட்டு தொட்டதில்ல. நான் சரின்னேன்.

இறுக்குங்க டீச்சர்னாங்க. இறுக்குனேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், நீங்க மேல தூக்கல, கீழ தள்ளுறீங்க. மூச்ச பிடிச்சு வயித்த இறுக்கி முக்குறீங்க. ஆறு மாசமா ஒரு நாளைக்கு 200 தடவ நான் அந்த தூளிய கீழ தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன். இன்னொன்னு, வலது பக்கம் ஒரு இடத்துல லேசா அழுத்துனதும் எனக்கு வால் எலும்பு வரைக்கும் சுரீர்னுச்சு, அந்த தசை தளராம கெட்டியா நின்னுட்டு இருக்கு. பலம் அஞ்சுக்கு ரெண்டு. பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு அளவு வச்சிருக்காங்க, ஆக்ஸ்போர்டு அளவுன்னு பேர்.

கெட்டியா இருந்தா பலமா தானே இருக்கணும், எப்படி ரெண்டுன்னு கேட்டேன். என் கைய பிடிச்சு விரல்கள மடக்கி மூடி, இப்ப இந்த பேனாவ பிடிங்கன்னு நீட்டுனாங்க. மூடியிருக்கிற கைய திறந்தா தானே பிடிக்க முடியும்.

யூரின் வந்துடுமோன்னு பயந்து பயந்து நாள் பூரா இறுக்கி வச்சு, வயித்த உள்ள இழுத்து வச்சு, பஸ்ல, கிளாஸ்ல, தூக்கத்துல கூட நான் அந்த தசைக்கு ஓய்வே குடுக்கல. அது ஏற்கனவே முழுசா சுருங்கி களைச்சு போயிருக்கு, தும்மல் வர்ற நேரத்துல மேல சுருங்க அதுகிட்ட ஒன்னும் மிச்சம் இல்ல. இதுக்கு மேல கெகல் பண்ணா வலி, மலச்சிக்கல், அவசரம் எல்லாம் கூட தான் செய்யும். எனக்கு நடந்தது அப்படியே அது தான்.

கெகல்ங்கிறது ஒரு டாக்டர் பேருன்னு அன்னைக்கு தான் தெரியும். ஆர்னால்டு கெகல், அமெரிக்கால பெண்கள் நோய்க்கான டாக்டர், 1948-ல இந்த பயிற்சிய பத்தி எழுதுனார். அவர் சும்மா இறுக்குங்கன்னு சொல்லி அனுப்பல. உள்ள வச்சு அழுத்தத்த அளக்குற ஒரு கருவிய அவரே செஞ்சு, பெரினியோமீட்டர்னு பேர் வச்சு, நீங்க சரியான தசைய தான் சுருக்குறீங்களான்னு அந்த பொண்ணுங்களே முள்ள பாத்து தெரிஞ்சுக்கிற மாதிரி பண்ணியிருக்கார். நம்ம போனுக்கு வந்து சேர்ந்தது இறுக்குங்கிற பாதி மட்டும். சரியா இறுக்குறியான்னு பாக்குற பாதி வரல. இத நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு, ஏன்னா என்ன மாதிரி எத்தன பேர் பஸ்ல உக்காந்து பல்ல கடிச்சுட்டு இருக்காங்களோ.

முதல் நாலு வாரம் இறுக்கவே கூடாதுன்னுட்டாங்க. மூச்சு தான். மல்லாந்து படுத்து கால ரெண்டையும் நாற்காலி மேல வச்சு, மூக்கால மூச்ச இழுக்கும்போது விலா எலும்பு பக்கவாட்டுல விரியணும், அப்ப அந்த தூளி தானா கீழ இறங்கும், பூ மலர்ற மாதிரி நினைச்சுக்கோங்கன்னாங்க. மூச்ச விடும்போது அது தானா மேல வரும், நீங்க ஒன்னும் பண்ண வேணாம். மேல நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை, உதரவிதானம்னு பேர், கீழ இந்த தூளி, ரெண்டும் சேர்ந்து தான் ஏறி இறங்குமாம். எனக்கு ஒரு வாரம் ஒன்னுமே புரியல, எதுவும் அசையுற மாதிரியே தெரியல. பத்தாவது நாளோ என்னவோ, ராத்திரி படுத்துட்டு பண்ணும்போது திடீர்னு உக்கார்ற எலும்பு ரெண்டுக்கும் நடுவுல ஏதோ இளகுச்சு. அவ்ளோ நாளா அங்க நான் எதையோ பிடிச்சு வச்சிருந்தேன்னு விட்டதுக்கு அப்புறம் தான் தெரியுது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதோட முட்டி போட்டு நெத்திய தரைல வச்சு குனிஞ்சு இருக்கிறது, சுவத்துல சாஞ்சு குந்தி உக்கார்றது. வாரம் ஒரு தடவ மேடம் கெட்டியான இடத்த மெதுவா அழுத்தி தளர்த்தி விடுவாங்க. வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்கார்றப்ப காலுக்கு கீழ ஒரு சின்ன பலகை போட்டு முட்டிய இடுப்ப விட உயரமா வச்சுக்க சொன்னாங்க, நம்ம பழைய இந்தியன் டாய்லெட்ல குந்துற மாதிரி. மலக்குடல சுத்தி பின்னாடி ஒரு தசை கவண் மாதிரி இழுத்து பிடிச்சு ஒரு வளைவு வச்சிருக்கு, குந்துனா தான் அந்த வளைவு நேராகும், முக்க வேண்டிய வேலை இல்ல. முக்குறது தான் தூளிக்கு பெரிய எதிரி. எங்க வீட்டுல பூஜை ரூம்ல கிடந்த பழைய மணைய எடுக்க மனசு வரல, திருப்பாப்புலியூர் மார்க்கெட்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி போட்டேன். ரெண்டாவது வாரமே மோஷன் சரியாச்சு.

டைரி ஒன்னு எழுத சொன்னாங்க, மூணு நாளைக்கு. எப்ப என்ன குடிச்சேன், எப்ப போனேன், எவ்ளோ போனேன், அதுக்கு அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக். என் டைரி என்ன சொல்லுச்சுன்னா ஒரு நாளைக்கு 14 தடவ, ஒவ்வொரு தடவையும் 90, 110, 120 மில்லி. சராசரியா ஒரு ஆளோட மூத்திரப்பை 400 மில்லி பக்கமா பிடிக்கும், ஆறு ஏழு எட்டு தடவ போறது தான் வழக்கம். நான் கால்வாசி நிறையும்போதே ஓடியிருக்கேன். ஏன்னு அவங்க கேட்ட கேள்விக்கு பதில் எங்கம்மா. சின்ன வயசுல இருந்து எங்க கிளம்புனாலும், பஸ்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வந்துடு, வராட்டியும் போயிட்டு வந்துடு. நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு வழில ஒதுங்க இடம் இல்ல, அம்மா சொன்னதுல தப்பே இல்ல. ஆனா முப்பது வருஷம் வராதப்பலாம் போயி போயி அந்த பை கொஞ்சம் சேர்ந்தாலே கூப்பிட பழகிடுச்சு. வீட்டு கேட்ட பாத்ததும் வர்றதும் அதே பழக்கம் தானாம், சாவிய பூட்டுல போடுற நேரத்துல அவசரம் வர்றது உலகம் பூரா இருக்கிற விஷயம்னு கேட்டப்ப எனக்கு எவ்ளோ நிம்மதி.

அதுக்கு பண்ணது, அவசரம் வந்ததும் ஓடாம நின்னுடணும். ஓடுனா அழுத்தம் கூடும். நின்னு மூச்ச விட்டு, அலை மாதிரி அது ஏறி இறங்குற வரைக்கும் பொறுத்து, இறங்குனதுக்கு அப்புறம் மெதுவா நடந்து போகணும். முதல்ல 5 நிமிஷம் தள்ளி போட்டேன், அப்புறம் 10, 15. இப்ப ரெண்டரை மணி நேரம் தாங்குது. காபிய மூணுல இருந்து ஒன்னாக்கினேன், அது எனக்கு நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு. தண்ணி கூட்டுனேன்.

அஞ்சாவது வாரத்துல இருந்து தான் இறுக்குறது, அதுவும் மேடம் விரல் வச்சு பாத்துட்டு. காத்து பிரியாம அடக்குற மாதிரி பின்னாடி ஆரம்பிச்சு, அப்படியே முன்னாடி கொண்டு வந்து, உள்ள மேல தூக்கணும். வயிறு, தொடை, புட்டம் எதுவும் இறுகக் கூடாது, மூச்சு போய்க்கிட்டே இருக்கணும், சத்தமா எண்ணுனா மூச்ச பிடிக்க முடியாது. முதல்ல 3 எண்ணுற வரைக்கும் பிடிச்சு, 6 எண்ணுற வரைக்கும் முழுசா விடணும். விடுற நேரம் பிடிக்கிற நேரத்த விட கூட. அது முழுசா கீழ இறங்குனாத் தான் அடுத்தது. 8 தடவ, ஒரு நாளைக்கு 3 வேளை, அவ்ளோ தான், 24. நான் 200 பண்ணிட்டு இருந்தவ. பிரிட்டன்ல நைஸ்னு மருத்துவ வழிகாட்டுதல் போடுற ஒரு அமைப்பு இருக்கு, அவங்களும் இதே தான் சொல்றாங்க, தினம் 3 வேளை, வேளைக்கு குறைஞ்சது 8, மேற்பார்வையோட குறைஞ்சது 3 மாசம், ஆபரேஷனுக்கு முன்னாடி முதல் வைத்தியமே இது தான்னு. நடுவுல யூரின் போகும்போது நிறுத்தி நிறுத்தி பயிற்சி பண்றது மட்டும் வேணவே வேணாம், பை முழுசா காலியாகாம தங்கிடும்.

அப்புறம் தும்மலுக்கு ஒரு வித்தை. தும்மல் வரப்போகுதுன்னு மூக்கு சொல்லும்ல, அந்த ஒரு நொடில முதல்ல தூளிய மேல தூக்கணும், அப்புறம் தும்மணும், அப்புறம் விடணும். குடம் தூக்குறதுக்கும் அதே தான், மூச்ச பிடிச்சு தூக்காம, மூச்ச விட்டுக்கிட்டே தூக்குறது. நோட்டு கட்ட தூக்குறப்ப இப்ப எனக்கு அது தானா வருது. மூணு மாசம் ஆச்சு தானா வர்றதுக்கு.

இதுக்கு நடுவுல எங்க அத்தைய பத்தி சொல்லணும். அவங்களுக்கு 69 வயசு, சொந்த ஊர் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம், வயசு காலத்துல தோப்புல இருந்து பலாப்பழத்த தலைல தூக்கி ரோட்டுக்கு கொண்டு வருவாங்க. அஞ்சு பிரசவம், அஞ்சும் வீட்டுல. நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை பாண்டிக்கு போறது என்னத்துக்குன்னு வீட்டுல சொல்லாம இருக்க முடியல, ஒரு நாள் அத்தைக்கிட்ட மட்டும் அரையும் குறையுமா சொன்னேன். அவங்க ஒன்னும் சொல்லல, முறத்துல இருந்த அரிசியவே பாத்துட்டு இருந்தாங்க. அடுத்த வியாழன் நானும் வரேம்மா துணைக்குன்னு கிளம்பிட்டாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. அதுக்கு அடுத்த வாரமும் வந்தாங்க. மூணாவது வாரம் திரும்பி வர்றப்ப, கிருமாம்பாக்கம் தாண்டி பஸ் கொஞ்சம் காலியானதும், ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, ஏம்மா, அவங்க கிட்ட எனக்கும் ஒன்னு கேக்கலாமான்னாங்க.

கேளுங்க அத்தை, இன்னா?

எனக்கு அடி இறங்கி பன்னெண்டு வருஷம் ஆவுது.

பன்னெண்டு வருஷம். வேலை செஞ்சு முடிக்கிற சாயங்காலத்துல கர்ப்பப்பை பந்து மாதிரி வெளிய வருமாம், படுத்துக்கிட்டு கையால உள்ள தள்ளிக்குவாங்களாம். பழைய வேட்டிய கிழிச்சு கச்சம் மாதிரி கட்டிக்கிட்டு தான் கோயில், கல்யாணம் எல்லாம். ஒரே வீட்டுல பதினெட்டு வருஷமா இருக்கோம், ஒரே பாத்ரூம். எனக்கு தெரியல. நான் மறைச்சது அவங்களுக்கு தெரியல. மாமா இறந்து போனார், அவருக்கும் தெரியாதாம். பொண்ணா பொறந்தா இருக்கிறது தான்னு நினைச்சேன்மான்னாங்க. பெண்ணையாத்து பாலம் வர்ற வரைக்கும் நான் அவங்க கைய பிடிச்சுட்டே வந்தேன்.

அவங்கள மேடம் பாத்துட்டு, இவ்ளோ தூரம் இறங்குனதுக்கு பயிற்சி மட்டும் பத்தாது, முதல்ல பெண்கள் டாக்டர பாக்கணும்னு சொல்லி அனுப்புனாங்க. டாக்டரம்மா சிலிகான்ல ஒரு வளையம், பெசரின்னு பேர், அளவு பாத்து உள்ள வச்சாங்க, மேல தாங்கி பிடிச்சுக்கும். ஆபரேஷனும் இருக்கு, இவங்க வளையமே போதும்னுட்டாங்க. சில மாசத்துக்கு ஒரு தடவ போய் கழுவி சரி பாத்துட்டு வரணும். அதோட வறட்டு இருமலுக்கு மருந்து, முக்காம மோஷன் போக வழி, மூச்சு பயிற்சி. வளையம் வச்ச அன்னைக்கு கடலூர் வந்ததும் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போகலாம்மான்னாங்க, ஆட்டோ வேணாம்னுட்டாங்க.

ஆம்பளைங்களுக்கும் இந்த தசை இருக்கு, அத சொல்லாம விடக்கூடாது. எங்க எதிர் வீட்டு அண்ணனுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் ஆகி டயப்பர் போட்டுக்கிட்டு வெளியவே வராம இருந்தார், அவர் வீட்டு அக்கா கிட்ட நான் தான் சொன்னேன். போயிட்டு இருக்கார்.

எனக்கு இப்ப 19 வாரம் ஆச்சு. பலம் அஞ்சுக்கு நாலு. வலது பக்க வலி போயிடுச்சு. வீட்டுக்காரர் கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஏன் இவ்ளோ நாள் சொல்லலன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுக்கு என் கிட்ட பதில் இல்ல. பேட் எப்பவாவது தான், சளி பிடிச்சு தொடர்ந்து இருமுற நாள்ல. பொண்ணுக்கு இப்ப காலேஜ், அவளுக்கு பீரியட்ஸ் பத்தி சொல்லி குடுத்த மாதிரி இதையும் சொல்லிட்டேன், வராதப்ப பாத்ரூம் போகாதன்னும், மோஷனுக்கு முக்காதன்னும். ஸ்கூல் டேபிள் மேல ஒரு லிட்டர் பாட்டில் வச்சிருக்கேன், சாயங்காலத்துக்குள்ள காலியாகும்.

ஸ்கிப்பிங் மட்டும் இன்னும் முடியல. போன மாசம் பசங்க கயிறு சுத்த, டீச்சர் வாங்கன்னு கூப்ட்டாங்க, நாலாவது குதிக்கே வந்துடுச்சு. மேடம் கிட்ட சொன்னேன். குதிக்கிறதுக்கு வேகமா சுருங்குற பலம் தனியா வேணும், அடுத்த மாசத்துல இருந்து அத ஆரம்பிக்கலாம், முதல்ல குதிகால தூக்கி தூக்கி வைக்கிறதுல இருந்துன்னு சொல்லியிருக்காங்க.